வடாற்காட்டின் பழைய பங்களாக்களில் தங்குவது எப்படி?

உயரமான கூரையும் தேக்கு உத்திரமும் அகன்ற தாழ்வாரமும் உள்ள ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், வேலூர்க்காரன் என்பதால் என்னிடம் முதலில் கேட்பது, "உங்கள் ஊரில் நல்ல ஹெரிடேஜ் ஹோட்டல் எது?" என்பதுதான். செட்டிநாட்டிலும் உதகையிலும் இருப்பதைப் போல மாளிகையையோ துரைமார் வீட்டையோ புதுப்பித்து, வாசலில் சீருடைக்காரரை நிறுத்தி நடத்தும் விடுதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேலூரைச் சுற்றியுள்ள வடாற்காட்டின் பழமை வேறு வகையானது. நிலவரி வசூலிக்க வந்த அதிகாரிக்காகவும், ஏரி மதகைப் பார்வையிட வந்த பொறியாளருக்காகவும், மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராகச் சென்ற மிஷனரிக்காகவும், மாட்டு வண்டியில் வந்த வழிப்போக்கருக்காகவும் கட்டப்பட்ட எளிய, உறுதியான கட்டடங்களே இங்கு மிகுதி. அவற்றில் தங்க முடியும். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. முதன்முறையாக வருகிறவர்களுக்கு அந்த முறையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எந்த வகைக் கட்டடம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஊர்க்காரர்கள் இன்றும் "டி.பி.", "ஐ.பி." என்று சொல்லும் பயணியர் மாளிகைகளும் ஆய்வு மாளிகைகளும் முதல் வகை. ரயில் வருவதற்கு முன் அதிகாரிகள் குதிரையிலும் வண்டியிலும் பயணம் செய்ததால், ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவுக்கு ஒன்று என்ற கணக்கில் இவை சாலையோரங்களில் எழுந்தன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது நம் வாலாஜா ரோடு நிலையத்தில்தான். அதற்குப் பிறகு வழிப்பயணத்தின் தேவை மாறினாலும், பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் அலுவல் பயணங்களுக்காக இத்தகைய மாளிகைகள் நீடித்தன. ஜவ்வாது மலைப் பகுதியில் உள்ள வனத்துறை ஓய்வு இல்லங்களையும் இந்த வகையிலேயே சேர்க்கலாம்.

இரண்டாம் வகை நிறுவனங்களின் விருந்தினர் இல்லங்கள். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பும், 1900இல் அதே குடும்பத்து மருத்துவர் இடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவப் பணியும் இந்த வட்டாரத்தில் விட்டுச் சென்ற பங்களாக்களும் வளாகங்களும் பல. சபைகள், பள்ளிகள், கல்லூரிகள் ஆகியவை அத்தகைய பழைய கட்டடங்களின் சில அறைகளைத் தங்கள் விருந்தினருக்காக வைத்திருப்பதுண்டு. அந்த நிறுவனத்தோடு ஏதாவது ஒரு தொடர்பு இருந்தால் மட்டுமே இங்கு இடம் கேட்பது முறை. தொடர்பு இல்லாவிட்டால் அங்கு படித்தவர் அல்லது பணியாற்றியவர் ஒருவர் வழியாகக் கேட்கலாம்.

மூன்றாவதாக, சத்திரங்களும் பழைய லாட்ஜுகளும். முற்றமும் திண்ணையும் உள்ள வீட்டை லாட்ஜாக மாற்றியிருப்பதை ஊரின் பழைய தெருக்களில் காணலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடா ஸ்கடரின் பணியிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் லாட்ஜுகள் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும், எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உரியவை. அடுப்பு வைத்துக்கொள்ளும் வசதியோடு குறைந்த வாடகையில் கிடைக்கும் அந்த அறைகளில் ஒன்றை, பழமையை ரசிக்க வந்த நாம் பிடித்துக்கொள்வது சரியல்ல. தங்க இடம் தேடுவோர் வேலப்பாடி, கொசப்பேட்டை போன்ற சற்றுத் தள்ளிய பகுதிகளில் விசாரிக்கட்டும்.

விளம்பரத்தில் "பாரம்பரிய விடுதி" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஹோட்டல் என்று வகைப்படுத்துவதற்குக் கட்டடம் 1950க்கு முன் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். 1935க்கு முற்பட்டவற்றுக்கும் 1920க்கு முற்பட்டவற்றுக்கும் தனித்தனிப் படிநிலைகள் உண்டு. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. சான்று இல்லாத கட்டடமும் உண்மையிலேயே பழமையானதாக இருக்கலாம் என்பதால், "எந்த ஆண்டு கட்டியது, முன்பு யார் குடியிருந்தது?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டடத்தை நேசிக்கிறவர் அதற்குப் பத்து நிமிடம் பதில் சொல்லுவார்.

அனுமதி வாங்குவது

அரசு மாளிகைகளைப் பொறுத்தவரை இந்தப் படியில்தான் பலர் இடறுகிறார்கள். கட்டடம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் துறையின் கோட்ட அலுவலகத்திலிருந்துதான் ஒதுக்கீட்டு ஆணை வர வேண்டும். பழைய வடாற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது; எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆகவே, ஆரணி, போளூர்ப் பக்கம் தங்க நினைப்பவர் திருவண்ணாமலையிலும், ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் பக்கம் தங்க நினைப்பவர் ராணிப்பேட்டையிலும், ஏலகிரி, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தங்க நினைப்பவர் திருப்பத்தூரிலும் விசாரிக்க வேண்டும். வனத்துறைக் கோட்டத்தின் எல்லை மாவட்ட எல்லையோடு எப்போதும் பொருந்துவதில்லை என்பதால், வன ஓய்வு இல்லத்துக்கு விண்ணப்பிக்கும்போது எந்த வன அலுவலர் என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. எத்தனை பேர், என்ன உறவு, எந்தத் தேதி எத்தனை மணிக்கு வருகை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்த வண்டி, வருகையின் நோக்கம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, அடையாள அட்டையின் நகலை இணைத்து, குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் கொடுங்கள். ஆணை கைக்கு வந்த பிறகும் ஒன்றை மறக்கக் கூடாது: அலுவல் நிமித்தம் வரும் அதிகாரிக்கே அங்கு முதல் உரிமை. திடீரென்று ஓர் ஆய்வுப் பயணம் வந்தால் உங்களுக்கு ஒதுக்கிய அறை போய்விடலாம். அதில் யார்மீதும் கோபப்பட இடமில்லை. கட்டடம் அதற்காகவே கட்டப்பட்டது. முந்தைய நாள் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்வதும், மாற்று இடம் ஒன்றை மனத்தில் வைத்திருப்பதும் புத்திசாலித்தனம்.

சில ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரத்தில் உள்ள ஓய்வு இல்லம் ஒன்றுக்கு வயதான என் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்ன வாய்ச்சொல்லை நம்பிப் போனதால் கையில் காகிதம் இல்லை. சாவிக் கொத்தை இடுப்பில் செருகியிருந்த காவலாளி, அத்தைக்குப் பானைத் தண்ணீர் கொடுத்து, தாழ்வாரத்து மர நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டு, "சாவி என் கையிலதாங்க இருக்கு. ஆனா ஆர்டர் இல்லாம தொறந்தா நாளைக்கு என் வேலை போயிடும், நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசிப் பேருந்தைப் பிடித்து வேலூர் திரும்பும்போது இரவு பத்தரை ஆகிவிட்டது. அத்தை முகம் வாடிப்போயிருந்தது. அன்றிலிருந்து ஆணையின் இரண்டு நகல்கள் இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. ஒன்று காவலாளியின் கோப்புக்கு, மற்றொன்று நமக்கு.

தனியார் விடுதிகளில் இந்தச் சிக்கல் இல்லை. அடையாள அட்டை போதும். ஆதார் கொடுப்பதாக இருந்தால் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். வெளிநாட்டு உறவினர் யாராவது உடன் வந்தால், விடுதிக்காரர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சிறு விடுதிகள் சில இதற்குத் தயங்கி இடமில்லை என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பதால், ரசீதில் அதற்கு மேல் வரி போட்டிருந்தால் கேட்கலாம்.

எப்போது வருவது

கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை வாருங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் பழைய கூரை எங்காவது ஒழுகும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் திருவண்ணாமலைப் பக்கம் ஓர் அறைகூடக் கிடைக்காது. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் வாரங்களில் காட்பாடியிலும் அதே நிலைமைதான்.

பகலில் போய்ச் சேருங்கள், கட்டடத்தைப் படியுங்கள்

மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேருவது நல்லது. வெளிச்சம் இருக்கும்போதுதான் பழைய கட்டடம் தன் குறையையும் நிறையையும் காட்டும். பெட்டியை இறக்கியதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரங்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் சிறு செங்கற்களை நிமிர்த்தி மூலைவாட்டாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த கூரை தெரிந்தால், அது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கட்டுமானம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பைத் தளத்தின்மேல் போட்டு, நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள் என்று கொத்தனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தகைய கூரையில் உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்த ஈரக்கறையோ, கட்டிலின்மேல் மெல்லிய மரத்தூளோ இருந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். முதலாவது ஒழுகலின் அடையாளம். இரண்டாவது கரையானோ மரவண்டோ வேலை செய்வதன் அடையாளம்.

சுவரில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தால் அதைப் பார்த்து மட்டும் கட்டடத்தைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மை உடையது. அதன்மேல் யாரோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால், வெளியேற வழியில்லாத ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். நல்ல கட்டடத்துக்குத் தவறான மருந்து கொடுத்ததன் விளைவு அது.

பிறகு கதவுக்கு வாருங்கள். இரட்டைக் கதவுகளில் ஒன்றை மேலும் கீழும் உள்ள செருகு தாழ்களால் நிறுத்தி, மற்றொன்றைக் குறுக்குத் தாழால் பிணைக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் வராது. கதவை முதலில் உள்நோக்கித் தோளால் லேசாக அழுத்தி, பாரம் குறைந்ததும் தாழைத் தூக்கினால் வெண்ணெய் போல நழுவும். காவலாளியை ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அவர் முன்னிலையிலேயே நீங்களும் செய்து பாருங்கள். இரவில் மின்சாரம் போனபின் கதவோடு மல்லுக்கு நிற்பது நல்ல அனுபவம் அல்ல.

சுவிட்சுப் பலகையையும் அப்போதே பாருங்கள். பழைய கம்பியமைப்பு உள்ள அறைகளில் பெரும்பாலும் ஐந்து ஆம்பியர் பிளக்குதான் இருக்கும். 1,500 வாட் மின்கெட்டில் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை அந்தச் சிறு பிளக்கில் மாட்டினால் கம்பி சூடேறும், மரச்சட்டத்துக்குள் தீப்பிடிக்கவும் கூடும். வெந்நீர் வேண்டுமென்றால் காவலாளியிடம் சொல்லுங்கள். விறகடுப்பில் தவலை வைத்துக் கொடுப்பார்.

கட்டடத்தின் போக்கில் வாழுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. காலையில் எழுந்து, காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு ஊர் பார்க்கப் போவார்கள். மாலையில் திரும்பி வந்து, கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுப்பார்கள். பிறகு, "பழைய கட்டடம் குளுமையாக இருக்கும் என்றார்களே, வெந்துபோனோமே" என்பார்கள். ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டு, இரவில் மெதுவாகக் கக்கும். ஆகவே, விடியற்காலையில் திறந்துவைத்த ஜன்னல்களை ஒன்பது மணிக்கெல்லாம் சாத்தி, வெயிலையும் வெளிக்காற்றையும் தடுக்க வேண்டும். பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியதும் மீண்டும் திறந்து, சுவர் விடும் சூட்டை வெளியேற்ற வேண்டும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால்தான் கூரையை அவ்வளவு உயரத்தில் வைத்து, அதன் அடியில் வெண்டிலேட்டர்களையும் அமைத்தார்கள். அதைத் திறக்கும் கயிறு தூணோரம் தொங்கும். கயிறு அறுந்திருந்தால் கொக்கிக் கம்பால் திறந்து தரச் சொல்லுங்கள். கீழே ஒரு ஜன்னலும் மேலே வெண்டிலேட்டரும் திறந்திருந்தாலே அறைக்குள் காற்று நடமாடத் தொடங்குவதை அரை மணி நேரத்தில் உணர்வீர்கள். கொசுவுக்கு வலைதான் சரியான வழி. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் ஜன்னலைத் தைரியமாகத் திறந்து வைக்கலாம்.

ஜன்னல்கள் பெரும்பாலும் மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனியாகத் திறக்கும். கீழ்பாதியைச் சாத்தி மேல்பாதியைத் திறந்தால், தெருவில் போகிறவர் பார்வை படாமல் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த தச்சர்களை நினைத்து எனக்கு எப்போதும் மரியாதைதான்.

சுவரில் ஆணி அடிக்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். ஈரத்துணியை மர நாற்காலியின் முதுகில் போடாதீர்கள். சிமென்ட்டை மெருகேற்றிய சிவப்புத் தரையில் பெட்டியை இழுக்காமல் தூக்கிச் செல்லுங்கள். வேலூர் வட்டாரத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடினமுமானது. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடிக்கும். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் உள்ள ஊர்களில் கிணற்று நீரைக் குடிக்கவே கூடாது. குடிப்பதற்கும் வாய் கொப்புளிப்பதற்கும் கேன் தண்ணீர் சொல்லிவிடுங்கள். வன ஓய்வு இல்லங்களில் காலையில் செருப்பையும் காலணியையும் உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். இரவில் டார்ச் இல்லாமல் படியிறங்க வேண்டாம்.

காவலாளியும் சாப்பாடும்

பழைய மாளிகைகளில் உணவுப் பட்டியல் இருக்காது. காவலாளியோ அவர் வீட்டாரோ சமைத்துத் தருவதுதான் சாப்பாடு. முதல் நாள் மாலையே மறுநாளுக்கு என்ன வேண்டும், எத்தனை பேருக்கு என்று சொல்லி, மளிகைக்கும் காய்கறிக்கும் முன்பணம் கொடுத்துவிட வேண்டும். அவர் கைப்பணத்தைப் போட்டுச் சமைக்க வைப்பது நியாயமல்ல. சமையல் கூலியைத் தனியாகக் கேட்டு, தனியாகக் கொடுங்கள். கிடைக்கிற பருவத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யச் சொல்லுங்கள். புவிசார் குறியீடு பெற்ற காய் அது, காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், உள்ளே வெண்ணெய். ஆம்பூர் வழியாக வருவதாக இருந்தால் பிரியாணியும், ஆற்காடு வழியாக வந்தால் மக்கன் பேடா இனிப்பும் வாங்கிக்கொண்டு, அவர் குடும்பத்துக்கும் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குங்கள்.

காவலாளியை வயதுக்கேற்ப "அண்ணா" என்றோ "ஐயா" என்றோ அழையுங்கள். அந்தக் கட்டடத்தில் எந்தப் படி வழுக்கும், எந்த ஓடு ஒழுகும், கிணற்றில் எந்த மாதம் நீர் இறங்கும் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்குப்பின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்லுவார். தாழ்வாரத்தில் ஒரு மணி நேரமாவது சும்மா உட்காராமல் திரும்பியவர்களை, இந்த மாளிகைகளில் தங்கியவர்கள் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

வேலூர்க் கோட்டைக்குள் தங்க வழி கிடையாது. 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இடமும், கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் 1832இல் இறக்கும்வரை காவலில் இருந்த இடமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பழைய லாட்ஜில் தங்குபவர் காலை ஆறு மணிக்கு எழுந்து அகழியோரம் நடந்தால், கருங்கல் மதிலின் நிழல் நீரில் விழுவதைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். அதே கையோடு ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குள் திரும்பி வந்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

புறப்படும்போது

வருகைப் பதிவேட்டில் புறப்பட்ட நேரத்தை எழுதிக் கையொப்பமிட்டு, வாடகைக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மாளிகையில் வாடகை வேறு, காவலாளிக்குக் கொடுக்கும் அன்பளிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கையில் திணித்தால் அவருக்குத்தான் சங்கடம். குறிப்பு எழுத இடமிருந்தால், "நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்தாமல், வடக்கு அறையில் உத்திர முனை நனைந்திருக்கிறது, குளியலறைக் கதவின் கீல் தளர்ந்திருக்கிறது என்று கண்ணால் கண்டதைத் தேதியோடு எழுதுங்கள். பழுதுபார்ப்புக்குப் பணம் கேட்டு எழுதும் இளநிலைப் பொறியாளருக்கு, தங்கியவர் எழுதிய அந்த ஒரு வரி உதவியாக இருக்கும். பிறகு கீழ்பாதி ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் காவலாளியின் கையிலேயே கொடுங்கள். அடுத்த முறை வருவதற்கு எந்த மாதம் தோது, மரங்கள் எப்போது பூக்கும், கிணற்றில் எப்போது நீர் நிறைந்திருக்கும் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.